பரிசளிப்பு விழா முடிந்த பிறகு நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

மே மாதம் பொதுத் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் ஊர்களில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை வாசிப்பார்கள். ஜூன் மாதம் ஜமாஅத் சார்பிலோ, வெளிநாட்டுவாழ் நண்பர்கள் சங்கத்தின் சார்பிலோ ஒரு விழா நடக்கும். கேடயம், சான்றிதழ், கொஞ்சம் ரொக்கம், வாழ்த்துரை, துஆ, சாப்பாடு. அன்று இரவே வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வந்துவிடும். இதைக் குறை சொல்வது நோக்கமல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பல ஊர்களில் இந்த விழாக்கூட இல்லை. ஒரு பிள்ளையின் படிப்பை மஹல்லாவே கொண்டாடும் நிலைக்கு நாம் வந்திருப்பது அல்லாஹ்வின் அருள்.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கேடயம் வாங்கிய அந்தப் பிள்ளை இப்போது எந்தக் கல்லூரியில் படிக்கிறது? கேடயம் வாங்காமல் சுமாரான மதிப்பெண்ணில் தேறிய பிள்ளை எங்கே? தோற்றுப்போன பையன் துணைத் தேர்வு எழுதினானா? சந்தா பாக்கி யார் யாரிடம் என்பதற்கு நம் பள்ளிவாசல்களில் பதிவேடு இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பதிவேடு பெரும்பாலான மஹல்லாக்களில் இல்லை.

2025ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாட்டின் தேர்ச்சி 95.03 விழுக்காடு. மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. ஆகவே பள்ளிப் படிப்பைத் தாண்டுவது இன்று பெரிய மலையல்ல. தாண்டிய பிறகு வரும் மூன்று நான்கு ஆண்டுகளில்தான் நம் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கிறார்கள். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு (2021-22) தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதத்தை 47 விழுக்காடு என்று சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4தான் என்பதால் நம் மாநிலம் முன்னணியில் நிற்கிறது. அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதும் உயர்கல்வி பயிலும் மாணவர்களில் முஸ்லிம்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் நாம் 14.2 விழுக்காடு.

வீட்டுக்குள் கிடைக்காத அறிவு

2006இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. நகர்ப்புற முஸ்லிம் தொழிலாளர்களில் மாதச் சம்பளம் வரும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 27 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களில் பெரும்பகுதி சொந்தத் தொழில், சிறு வியாபாரம், கூலி வேலை.

சொந்தத் தொழில் செய்வது கண்ணியமானது. நம் மார்க்கம் வியாபாரத்தை உயர்த்திப் பேசுகிறது. அதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். அரசு ஊழியரின் வீட்டில் வளரும் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதுவது, இன்டர்வியூவில் பேசுவது, பணி நியமனக் கடிதத்தைப் படித்துப் பார்ப்பது, பி.எஃப். என்றால் என்ன என்பதெல்லாம் சாப்பாட்டு வேளையிலேயே காதில் விழுந்துவிடும். ஜவுளிக் கடையோ, இறைச்சிக் கடையோ, ஆட்டோவோ வைத்திருக்கும் தந்தைக்குத் தன் தொழில் நுணுக்கம் அத்தனையும் தெரியும். ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு நியமனக் கடிதத்தையும் கையில் வாங்கியதில்லை. மகனுக்கு அவர் என்ன சொல்வார்? அவர் அன்பில் குறை இல்லை. அந்தப் பாதையில் அவர் நடந்ததில்லை, அவ்வளவுதான்.

நம் முன்னோர் தங்களுக்குத் தெரிந்த பாதையில் இந்த வேலையை மிக அழகாகச் செய்தார்கள். பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன் என்று கடை வைத்தவர்கள் ஊருக்கு வரும்போது ஒரு பையனைக் கூட்டிப் போவார்கள். கடையைப் பெருக்குவதில் தொடங்கி, கணக்கு எழுதுவது வரை கற்றுக்கொடுப்பார்கள். தொழுதானா என்று கேட்பார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி அவன் உம்மாவுக்கு நேராகப் போகும். கை தேர்ந்ததும் அவனுக்கென்று ஒரு கடை வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. இன்று 'மென்டரிங்' என்று பெயர் சூட்டிப் பேசுகிறோமே, அது வேறொன்றுமில்லை. தொழில்கள் மாறிவிட்டன, அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒன்றை நாம் உருவாக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

பதினைந்து நாள் தவணை

அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஒரு நிகழ்ச்சியை ஆலிம்கள் உழைப்பின் சிறப்புக்கு எடுத்துக்காட்டுவது வழக்கம். அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வருகிறார். நபி (ஸல்) அவர்கள் முதலில், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். போர்த்திக்கொள்ளவும் விரித்துக்கொள்ளவும் ஒரு துணி, தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம். அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, ஏலம் விட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்கிறார்கள். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவு, இன்னொன்றில் கோடரி. கோடரிக்குத் தம் கையாலேயே பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வருமாறு அனுப்புகிறார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார்.

இதன் அறிவிப்பாளர் தொடரில் சில அறிஞர்கள் பலவீனம் சொல்லியிருக்கிறார்கள். எனினும் யாசிப்பதைவிடக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சுமந்து விற்பது மேல் என்ற கருத்து புகாரி, முஸ்லிமில் உறுதியாகவே வந்திருக்கிறது.

நாம் வழக்கமாக இந்த நிகழ்ச்சியைக் கோடரியோடு நிறுத்திவிடுகிறோம். கோடரிக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பாருங்கள். உன்னிடம் என்ன இருக்கிறது என்ற விசாரணை முதலில் வருகிறது. அடுத்து, வேலைக்குப் போகும்வரை குடும்பம் பசியாற ஏற்பாடு. பிறகு கருவி, அதுவும் பயன்படுத்தத் தயாரான நிலையில். கடைசியாக ஒரு தவணை: பதினைந்து நாள் கழித்து வந்து என்ன ஆயிற்று என்று சொல். நாம் இன்று கோடரியை மட்டும் கொடுக்கிறோம். பீஸ் கட்டப் பத்தாயிரம், லேப்டாப், தையல் இயந்திரம். பதினைந்தாம் நாள் யாரும் கேட்பதில்லை.

ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கூஃபாவில் துணி வியாபாரம் செய்தபடியே பாடம் நடத்தியவர்கள் அவர்கள். அபூயூசுஃப் என்ற ஏழை மாணவர் சில நாள் பாடத்துக்கு வரவில்லை. பிழைப்பைப் பார் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இமாம் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் வந்ததும் மற்றவர்கள் கலைந்து போகும்வரை காத்திருந்து, நூறு திர்ஹம் உள்ள பையைக் கொடுத்து, தீர்ந்ததும் சொல் என்றார்கள். அவர் தீர்ந்தது என்று சொல்ல வேண்டிய நிலையே வரவில்லை; கேட்பதற்கு முன்பே அடுத்த பை வந்துகொண்டிருந்தது. அந்த மாணவர்தான் பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாக இருந்தவர். வராத பிள்ளையைத் தேடியது, பிறர் முன் கேட்காமல் தனியே கேட்டது, கேட்கும் முன் கொடுத்தது ஆகிய மூன்றும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

அரசின் கை எதுவரை நீளும்?

தமிழ்நாட்டில் பள்ளிக்கும் வேலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அரசு கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2022 மார்ச் 1இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டல், கல்லூரியில் திறன் பயிற்சி ஆகியவை இதில் வருகின்றன. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடி அழைத்து, கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட 'உயர்வுக்குப் படி' என்ற பெயரில் மாவட்டந்தோறும் முகாம்கள் நடத்துகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்', 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' ஆகிய திட்டங்களில் தகுதியுள்ளவர்களுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

மறுபக்கத்தில், மத்திய அரசு சிறுபான்மையினருக்கான மெட்ரிக் முன் உதவித்தொகையை 2022-23 முதல் 9, 10ஆம் வகுப்புகளோடு சுருக்கிவிட்டது. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஒரு பக்கம் கதவு திறக்கிறது, இன்னொரு பக்கம் மூடுகிறது. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று குடும்பத்துக்கு அந்தந்த ஆண்டு சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஒரு முக்கியமான செய்தியைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மாதம் 1000 ரூபாய் திட்டங்களும், மருத்துவம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தது என்பதைப் பொறுத்தவை. உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாத உதவித்தொகை அவர்களுக்கும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும். 'மெட்ரிகுலேஷன்' என்ற பெயர்ப்பலகைக்காகக் கடன் வாங்கிப் பீஸ் கட்டும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அந்தப் பள்ளியின் தரம் உண்மையிலேயே உயர்வு என்றால் சரி. பெயருக்காக மட்டும் என்றால், பதினோரு வயதில் எடுத்த அந்த முடிவு பதினெட்டு வயதில் ஒரு வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. ஆகவே வழிகாட்டல் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு தொடங்குவதாக இருக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பு முடியும்போது ஒரு முறை, பத்தாம் வகுப்பு தொடங்கும்போது ஒரு முறை பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பிள்ளைகள் உதிரும் மூன்று இடங்கள்

முதல் இடம், மே முதல் ஆகஸ்ட் வரையிலான நான்கு மாதங்கள். முடிவு வந்த வாரத்திலேயே தனியார் கல்லூரிகளின் முகவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அசல் சான்றிதழைக் கொடு, முன்பணம் கட்டு, சீட் போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது பல பெற்றோருக்குத் தெரியாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குரிய கட்டணச் சலுகை பொறியியலில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் இல்லை. முஸ்லிம்களுக்கு 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பயன்படுத்தச் சாதிச் சான்றிதழ் வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, துதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார் என்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவு அதில் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். வெறும் 'முஸ்லிம்' என்று இருந்தாலோ, தந்தையின் சான்றிதழில் ஒன்றும் பிள்ளையின் சான்றிதழில் வேறொன்றும் இருந்தாலோ ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேரும். இதை ஜனவரியிலேயே சரிபார்க்க ஒருவர் இருந்தால் போதும்.

கல்லூரி ஒத்துவராத பிள்ளைக்கும் பாதை உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர் இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்பில் சேரலாம், எட்டாம் வகுப்புத் தகுதியில் சேரக்கூடிய தொழிற்பிரிவுகளும் உள்ளன. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது பிளஸ் டூ படிக்காத பையனும் பொறியாளராகும் ஏணி ஒன்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல் போன்ற நிறுவனங்கள் ஐ.டி.ஐ. முடித்தவர்களைத் தொழில் பழகுநர்களாக எடுக்கின்றன. இந்த ஏணியின் படிகளை வரைந்து காட்டினால் 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று கைவிட்ட பெற்றோரின் முகமே மாறிவிடும். பல முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது இடம், கல்லூரியின் முதல் ஆண்டு. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் செமஸ்டரில் இரண்டு மூன்று பாடம் அரியர் விழுகிறது. வீட்டில் சொல்ல வெட்கம். அதே நேரத்தில் சவூதியிலோ துபாயிலோ இருக்கும் வாப்பாவுக்கு வேலை போகிறது, அல்லது அக்காவின் கல்யாணக் கடன் நெருக்குகிறது. இரண்டாம் தவணைப் பீஸ் கட்ட முடியவில்லை. பையன் மொபைல் கடையிலோ, உணவு டெலிவரியிலோ 'தற்காலிகமாக' சேர்கிறான். கையில் தினமும் பணம் வருகிறது. தற்காலிகம் நிரந்தரமாகிவிடுகிறது. இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை. அரியர் எல்லோருக்கும் விழுவதுதான், அடுத்த செமஸ்டரில் எழுதிவிடலாம், பீஸுக்கு இன்ன இடத்தில் கேட்கலாம் என்று சொல்ல அந்த நவம்பர் மாதத்தில் ஒரு மூத்தவர் இருந்திருந்தால் பல பிள்ளைகள் பட்டம் வாங்கியிருப்பார்கள்.

மூன்றாவது இடம், முதல் வேலையின் முதல் தொண்ணூறு நாள். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வேலை கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று இனிப்புக் கொடுத்ததோடு நம் கவலை முடிந்துவிடுகிறது. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குச் சேரும் பையனுக்கு அறை வாடகை முன்பணம், பாத்திரம், பாய், முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சாப்பாட்டுச் செலவு வேண்டும். நபி (ஸல்) அவர்கள் உணவுக்கென்று ஒதுக்கிய அந்த ஒரு திர்ஹம் இதுதான். இது இல்லாததால் இருபதாம் நாளே ஊர் திரும்பியவர்கள் உண்டு. இரவு ஷிப்ட், மேற்பார்வையாளரின் கடுஞ்சொல், ஜும்ஆவுக்கு அனுமதி கிடைக்குமா என்ற தயக்கம் எல்லாம் சேர்கின்றன. ஜும்ஆ நேரத்தை எப்படிக் கேட்பது, எதை வேலையில் சேரும்போதே பேசிக்கொள்வது என்பதை அதே பகுதியில் வேலை செய்யும் நம் சகோதரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்குவது, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கான இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துவது ஆகியவையும் இந்தத் தொண்ணூறு நாளுக்குள் கற்க வேண்டியவை.

வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியகல்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுப்பதற்கு முன், அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டுவிட்டுத் தவிக்கும் இளைஞர்களுக்காக வெள்ளிதோறும் துஆ கேட்கிறோம். துஆவோடு இந்தச் சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்வோம்.

பெண் பிள்ளைகள்

நம் பெண் பிள்ளைகள் பையன்களைவிட நன்றாகப் படிக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு பரிசளிப்பு விழாவும் காட்டுகிறது. பட்டம் வரை வருபவர்களும் கூடியிருக்கிறார்கள். பட்டத்துக்குப் பிறகுதான் பாதை திடீரென்று நின்றுவிடுகிறது. வேலைக்குப் போவதும் போகாமல் இருப்பதும் குடும்பம் கலந்து பேசி எடுக்கும் முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்கும்போது எல்லா வாய்ப்புகளும் அவர்கள் கண்முன் இருக்க வேண்டும். ஆசிரியப் பணி, செவிலியர் பணி, மருந்தகம், ஆய்வகம், கணக்கியல், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் என்று கண்ணியத்தோடு செய்யக்கூடிய பணிகள் பல. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் வழியாக இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி நடக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு வழிகாட்டுபவர்கள் பெண்களாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆசிரியை, செவிலியர், வங்கி ஊழியர், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பட்டதாரி என்று சிலராவது இருப்பார்கள். அவர்களை இதுவரை நாம் அழைத்ததில்லை. அழைத்தால் வருவார்கள்.

மதரஸா மாணவர்களும்

இந்தப் பட்டியலில் விடுபட்டுவிடுபவர்கள் நம் மதரஸா பிள்ளைகள். ஏழாண்டு ஓதி ஸனது பெறும் ஆலிமிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் போனால், இமாமத் பணியைத் தவிர அவருக்கு வேறு கதவு திறப்பது கடினம். இமாமத் செய்தபடியே பட்டம் படிக்கலாம்; அடியேன் அந்த வழியில் வந்தவன். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தும் பன்னிரண்டும் எழுதலாம். பிறகு தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெறலாம். ஓதும் காலத்திலேயே ஆண்டுக்கு இரண்டு பாடம் என்று எழுத வைத்தால் ஸனதும் சான்றிதழும் ஒன்றாகக் கைக்கு வரும். மதரஸா நிர்வாகிகள் இதற்கென ஓர் உஸ்தாதைப் பொறுப்பாக்கினால் போதும்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. முதலில் ஒரு பதிவேடு. மஹல்லாவில் ஒன்பதாம் வகுப்பு முதல் இருபத்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளின் பெயர், படிப்பு, பெற்றோர் கைப்பேசி எண். நிகாஹ் பதிவேட்டைப் பராமரிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையில்லை.

அடுத்து, ஆட்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி. அதற்கு மேல் வேண்டாம். பெரிய பதவியில் இருப்பவர்தான் வேண்டும் என்பதில்லை. போன ஆண்டு ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போன இளைஞர் இந்த ஆண்டு சேரும் பையனுக்கு மிகச் சிறந்த வழிகாட்டி. அவர் சொல்லும் தகவல் புதிது, வயதும் நெருக்கம்.

பிறகு, தவணை. ஆண்டுக்கு நான்கு முறை கட்டாயம் பேச வேண்டும்: தேர்வு முடிவு வந்த வாரம், கல்லூரி திறந்த மாதம், முதல் செமஸ்டர் முடிவு, ஆண்டின் இறுதி. வேலைக்குச் சேர்ந்தவரிடம் பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு போதும். சாப்பிட்டாயா, தங்குமிடம் சரியாக இருக்கிறதா, சம்பளம் வந்ததா? மூன்றாண்டு விடாமல் கேட்க வேண்டும்.

கடைசியாக, நிதி. விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை 'முதல் மாத நிதி'யாக ஒதுக்கலாம். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு வாடகை முன்பணமும் சாப்பாட்டுச் செலவும் அழகிய கடனாகக் கொடுத்து, ஆறு மாதத்தில் திரும்ப வாங்கலாம். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்கு. ஜகாத்திலிருந்து கொடுப்பதென்றால் பெறுபவர் அதற்குத் தகுதியானவரா, அவர் கையிலேயே உரிமையாகச் சேர்கிறதா என்பதை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும். ஜகாத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கும் நிதியோடு கலக்காமல் தனிக் கணக்காக வைப்பது பேணுதலானது.

திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951இல் தொடங்கியவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மேல்விஷாரம், அதிராம்பட்டினம், உத்தமபாளையம், பாளையங்கோட்டை என்று நம் பெரியவர்கள் தோல் வியாபாரத்திலும் பிற தொழில்களிலும் ஈட்டியதை வைத்துக் கல்லூரிகள் கட்டினார்கள். அவர்கள் கதவைக் கட்டித் தந்தார்கள். அந்தக் கதவு வரை பிள்ளையின் கையைப் பிடித்துப் போவதும், உள்ளே போனவன் என்ன ஆனான் என்று பார்ப்பதும் நம் தலைமுறையின் பங்கு.

இது ஓர் அமானிதம்

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் கடன், பிள்ளையின் தோல்வி, வீட்டுச் சண்டை எல்லாம் வழிகாட்டியின் காதுக்கு வரும். அது அமானிதம். டீக்கடையில் பேசினால் அந்தக் குடும்பம் மட்டுமன்றி மொத்த மஹல்லாவும் கதவை மூடிக்கொள்ளும். பிள்ளைகளைச் சந்திப்பது பெற்றோருக்குத் தெரிந்து, பள்ளிவாசல் வளாகம் போன்ற பொது இடத்தில் இருக்க வேண்டும். உதவி பெற்ற பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுக்கக் கூடாது. செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டி வீணாக்கிவிட வேண்டாம் என்று குர்ஆன் எச்சரிப்பதை நாம் ஓதிக்கொண்டுதானே இருக்கிறோம்.

வழிகாட்டியின் கனவைப் பிள்ளையின் மேல் சுமத்தவும் கூடாது. கணக்கில் விருப்பமுள்ளவனை மருத்துவத்துக்குத் தள்ளுவதும், வியாபாரத்தில் கெட்டிக்காரனை அரசு வேலைக்காக ஐந்தாண்டு உட்கார வைப்பதும் உதவியாகாது. நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் கூர்மையைக் கண்டு யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடம் வேறு பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன இருக்கிறது என்று பார்த்தே அனுப்பினார்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்காக மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள். 'என்ன மார்க்?' என்ற கேள்வியை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். 'அடுத்து என்ன செய்யப் போகிறாய், அதற்கு என்ன தேவை?' என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கூட்டிப் போங்கள். பதினைந்து நாள் கழித்து மறக்காமல் மறுபடியும் கேளுங்கள்.

இந்த ஆண்டு பரிசளிப்பு விழா நடத்தும் ஜமாஅத்துகள், மேடையில் பெயர் வாசிக்கும்போது போன ஆண்டு பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதையும் தேடித் தெரிந்துகொள்ளட்டும். காணாமல் போன பெயர்களின் வீட்டுக் கதவை இரண்டு பேர் போய்த் தட்டட்டும். படிப்பை விட்டு ஓராண்டு ஈராண்டு ஆனவர்களையும் திரும்பச் சேர்க்க வழி இருக்கிறது.

நம் பிள்ளைகளைப் பயனுள்ள கல்வியும் ஹலாலான சம்பாத்தியமும் உள்ளவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக! அவர்களுக்குக் கைகொடுக்கும் நல்லுள்ளத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.